தரைப்பாலத்தில் எரிந்த விளக்கு

சதீஷின் காரில் அந்தச் சிவப்பு விளக்கு முதன்முதலாக எரிந்தது சங்கிலிப்பாறைத் தரைப்பாலத்தில் வைத்துத்தான். ஆனி மாதச் சாரல் பிடித்துக்கொண்ட ஒரு காலை. எஸ்டேட் பங்களாவில் தங்கியிருந்த விருந்தினர்களை வண்டிப்பெரியாரில் பஸ் ஏற்றிவிட்டு, வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். பாலத்தின் மேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாலத்துக்கு அது புதிதில்லை. கைப்பிடிச் சுவர் கிடையாது. காட்டாறு கொஞ்சம் பெருகினாலே மேலே ஏறி ஓடும். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரிகளும் ஜீப்புகளும் அதைக் கிழித்துக்கொண்டுதான் போய்வரும். சதீஷும் பைய இறக்கினான்.

நடுப்பாலத்துக்கு வந்தபோது பேட்டரிப் படம் போட்ட சின்ன விளக்கு எரிந்தது. வைப்பர் சோர்ந்துபோய்ப் பாதிக் கண்ணாடியில் நின்றது. அதன் பிறகு, அவன் பக்கத்துக் கதவின் பூட்டு 'டக்'கென்று விழுந்தது. தானாக எழும்பியது. மறுபடியும் விழுந்தது. எழும்பியது. விழுந்தது. அவசரப்படுகிற ஒரு கை அதைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது.

வண்டிக்குள் அவனைத் தவிர யாரும் இல்லை.

ஆக்ஸிலேட்டரை அழுத்தி அக்கரை ஏறினான். மேட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் விளக்கு அணைந்தது. வைப்பர் மறுபடியும் வீசத் தொடங்கியது. பூட்டு அமைதியானது. சதீஷ் வண்டியை ஓரங்கட்டி, ஒரு பீடியைப் பற்றவைத்தான்.

சதீஷ் பயந்த சுபாவம் உள்ளவன் அல்ல. எஸ்டேட் டிராக்டரில் தொடங்கி, அடுத்தவர்களுடைய ஜீப்புகளை ஓட்டி, காட்டுமாடு மறித்த பாதைகளிலெல்லாம் வண்டி திருப்பியவன். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்பது அவனுடைய பல வருடத்து ஆசை. கோடையில்தான் மலைக்குக் கீழே, சமவெளியில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் இந்தக் காரை வாங்கினான். வெள்ளை நிறம். புதுப் பெயிண்டு. ஒரே ஆள் ஓட்டிய வண்டி என்று வியாபாரி சத்தியம் செய்தான். டிரைவர் கதவின் உள்கைப்பிடி மட்டும் கொஞ்சம் லூசாக இருந்தது. இரண்டு தரம் இழுத்தால்தான் கதவு திறக்கும். பழைய வண்டியில் இதெல்லாம் ஒரு குறையா என்று சதீஷ் பொருட்படுத்தவில்லை.

மழை தொடங்கியதும் வண்டியின் குணம் மாறியது. ஏசி போட்டால் சேற்று வாடை வந்தது. கடல் மீன் வாடை இல்லை, கழிவு வாடையும் இல்லை. ஆற்றங்கரையில் புதுத்தண்ணீர் வற்றும்போது வருமே, அந்த வாடை. ஆனந்தி சாம்பிராணி போட்டுப் பார்த்தாள், வாசனைக் குப்பி வாங்கித் தொங்கவிட்டுப் பார்த்தாள். வாடை எல்லாவற்றையும் மீறிக்கொண்டு எட்டிப்பார்த்தது.

ஆனந்தி அவன் மனைவி. தேயிலை ஃபேக்டரி வாசலில் சுற்றுலாக்காரர்களுக்குத் தூள் விற்கிற கவுண்டரில் வேலை. சுறுசுறுப்புக்காரி, வாயும் அப்படித்தான். விளக்கு எரிந்த கதையை அவளிடம் சொன்னபோது சிரித்தாள்.

"பேட்டரி செத்திருக்கும். அதுக்குப் போயி மூஞ்சி இப்படிப் பேயறைஞ்ச மாதிரி ஆயிருச்சே உங்களுக்கு!"

அவனுக்கும் அது சரியென்று பட்டது. டவுனில் பேட்டரிக் கடையில் புதுசு மாற்றினான். கடைக்காரர், "இனி அஞ்சு வருசத்துக்கு பானெட்டத் தொறக்க வேண்டாம்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆனந்தியையும் ஏற்றிக்கொண்டு குமுளிச் சந்தைக்குக் கிளம்பினான். தரைப்பாலத்தில் அன்று தண்ணீர் சற்று அதிகம். முன்சக்கரம் தண்ணீரில் இறங்கியதுதான் தாமதம், விளக்கு எரிந்தது. பூட்டு தொடங்கியது. டக், டக், டக்.

ஆனந்தி பேச்சை நிறுத்தினாள். முதலில் சதீஷின் கையைப் பார்த்தாள். அது ஸ்டீயரிங்கில் இருந்தது. பிறகு கதவைப் பார்த்தாள். அக்கரை ஏறிய பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, யாரோ எறங்கணும்னு தவிக்கிற மாதிரி இருக்கு."

அவன் மனதில் இருந்ததை, அவன் வாய்விட்டுச் சொல்லாததை, அவள் அப்படியே சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பாலத்தை விட்டான். எஸ்டேட்டின் மேல் டிவிஷன் வழியாகச் சுற்றிக்கொண்டு போனான். குண்டும் குழியுமான தூரத்துப் பாதை. விருந்தினர்கள் முகம் சுளித்தார்கள், பங்களா மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். என்ன சொல்வது? பாலத்தில் வைத்து வண்டிக்குள் யாரோ கதவைத் திறக்கப் பார்க்கிறார்கள் என்றா? இத்தனைக்கும் சுற்றுப்பாதையிலும் நிம்மதி இல்லை. கனத்த மழையில் அங்கேயும் விளக்கு எரியத் தொடங்கியது. ஒரு மதியம், மூடுபனிக்குள் ஊர்ந்துகொண்டிருந்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த வெளியூர்ப் பெண்மணி முன்னால் சாய்ந்து, "டிரைவர், யாரு கதவத் தட்றது? நிறுத்தி ஏத்திக்கங்களேன்" என்றாள். சதீஷ் நிறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் ஆனந்தி தீர்மானமாகச் சொன்னாள். "மந்திரிக்கிறது, எலுமிச்சம்பழம் வைக்கிறதெல்லாம் அப்புறம். முதல்ல வண்டிக்கு என்னன்னு பாருங்க. மோகனசுந்தரம் அண்ணன்ட்ட கொண்டுபோங்க."

மோகனசுந்தரத்தின் ஒர்க்‌ஷாப் வண்டிப்பெரியாரில் ஆற்றை ஒட்டி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை, மழைச் சத்தத்தில் பேசுவதே கத்துவதுபோல இருக்கும். ஐம்பதைத் தாண்டிய மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். சதீஷ் விளக்கைப் பற்றிச் சொன்னான். பூட்டைப் பற்றியும் சொன்னான். தவிப்பதுபோல இருக்கிறது என்று ஆனந்தி சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

"இந்த லைட்டு எரிஞ்சா எல்லாரும் பேட்டரியத்தான் மாத்துவான்" என்றார் மோகனசுந்தரம். "பேட்டரி சொம்பு மாதிரி, தம்பி. தண்ணி ஊத்துறது டைனமோ. ஊத்துற கை நின்னு போச்சுன்னுதான் லைட்டு சொல்லுது. சொம்ப மாத்தி என்ன பிரயோசனம்?"

மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்தார். வண்டி ஓடாதபோது பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பதினாலுக்கு ஏறியது.

"இப்ப சரியாத்தான் இருக்கு" என்றான் சதீஷ்.

"இப்ப சரியாத்தான் இருக்கும். சீக்குக்காரன் ஆசுபத்திரி வாசல்ல எந்திரிச்சு நிக்க மாட்டானா?"

பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். இறுக்கமாகவே இருந்தது. ஹோஸ் பைப்பை எடுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழ்ப்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சினார். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மீட்டரில் எண் சரிந்தது. பதிமூன்று, பன்னிரண்டரை, பன்னிரண்டு. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. டிரைவர் கதவின் பூட்டு படபடவென்று அடித்துக்கொண்டது.

ஒர்க்‌ஷாப்பில் பட்டப்பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும்போதும், அந்தச் சத்தம் சதீஷின் முதுகில் ஊர்ந்தது. மோகனசுந்தரம் ஒரு சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, அதன் மரக் காம்பால் டைனமோவை லேசாகத் தட்டினார். விளக்கு அணைந்தது. பூட்டும் நின்றது.

"ஆச்சு. உள்ள கார்பன் மாட்டிக்கிட்டு நிக்குது. கழட்டிப் பாத்திருவோம்."

பெல்ட்டை நெகிழ்த்தி, போல்ட்டுகளை எடுத்து, டைனமோவை வெளியே இழுத்தார். மேசைமேல் வைத்துப் பின்மூடியைத் திறந்தார். சதீஷ் எட்டிப் பார்த்தான். சுற்றுகிற வளையத்தை உரசிக்கொண்டு நிற்க வேண்டிய கார்பன் துண்டுகள் தங்கள் கூட்டுக்குள் நகர முடியாமல் இறுகிக் கிடந்தன. சுற்றிலும் மஞ்சள் நிறத்தில் ஏதோ கட்டியாகப் படிந்திருந்தது. மோகனசுந்தரம் அதை நகத்தால் சுரண்டி, விரல்களுக்கு நடுவே தேய்த்தார். மாவுபோல உதிர்ந்தது.

"வண்டல்" என்றார். "ஈரம்பட்டா ஊதும், காஞ்சா சுருங்கும். ஊதுறப்பக் கார்பனக் கவ்விக்கிரும். மழையில மட்டும் எரியிறது அதுக்குத்தான்."

"பாலத்துத் தண்ணி தெறிச்சு உள்ள போயிருக்குமோ?"

"தெறிச்ச தண்ணியில இவ்வளவு மண்ணு வராது." அவர் எர்த் கேபிளைப் பிடித்து வளைத்தார். உறைக்குள் செம்பு பச்சையாக உளுத்து, பொடியாகக் கொட்டியது. "இந்தா, பூட்டு அடிச்சுக்கிறதுக்குக் காரணமும் இதான். கரண்டு திரும்பி வர வழியில்ல." பிறகு டிரைவர் சீட்டுக்குக் கீழே கார்பெட்டைத் தூக்கினார். அடியில் அதே மஞ்சள் மண். காய்ந்து, வெடித்து, கோடைகாலக் குளம்போல.

"இது தண்ணில முங்கிக் கிடந்த வண்டி, சதீசு. நல்லா முங்கியிருக்கு."

சதீஷுக்கு வியாபாரியின் சத்தியம் ஞாபகம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தை அவன் வாயைத் திறந்து சொல்வதற்குள், மோகனசுந்தரத்தின் முகம் மாறியிருந்ததைக் கவனித்தான். அவர் டைனமோ இருந்த இடத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே டைனமோவைத் தாங்குகிற கீழ்க் காலில் ஓர் இரும்புப் பட்டை வெல்டு வைத்திருந்தது. கம்பெனி வேலை அல்ல, கைவேலை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு கதவின் விளிம்பில் ரப்பரைக் கொஞ்சம் உரித்தார். வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில் நீலம் தெரிந்தது.

"என்னண்ணே?"

அவர் போய்க் கை கழுவினார். ஈரக்கையோடே திரும்பிவந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தப் பட்டைய வச்சது நான்தான்" என்றார். "இது நம்ம லோகேசு வண்டி."

சங்கிலிப்பாறை மேல் டிவிஷனில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், மூக்கம்மாள் என்று ஒரு அம்மா இருந்தார். கொழுந்து கிள்ளி ஓய்வானவர். அவருக்கு ஒரே மகன் லோகேஷ். டூரிஸ்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். நாலு வருடத்துக்கு முன்பு, இதேபோல ஒரு மழைக்காலத்தில், ஆறு பெருகிய ஒரு காலையில் தரைப்பாலத்தில் வண்டியை இறக்கினான். கரையில் நின்றவர்கள் கையைக் காட்டிக் கத்தினார்கள். நடுப்பாலத்தில் வண்டி நின்றுபோனது. வெள்ளம் அதை அப்படியே புரட்டிக்கொண்டு போனது. தண்ணீர் வடிந்த பிறகு, கீழே மூங்கில் புதரில் வண்டி கிடைத்தது. அவனும் உள்ளேயே இருந்தான்.

சதீஷுக்கு அந்தச் சாவு தெரியும். அப்போது அவன் காந்தலூர்ப் பக்கம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஊருக்கு வந்தபோது கேட்ட செய்தி. வண்டி நீலம் என்பதுகூட அவன் காதில் விழுந்ததில்லை.

"வண்டிய நொறுக்கிக் காயலான் கடைக்குப் போட்டாச்சுன்னுல்ல சொன்னாங்க" என்றார் மோகனசுந்தரம். "எவனோ எடுத்துக் கழுவிப் பெயிண்டடிச்சு, நம்பரையும் மாத்தி உன் தலையில கட்டியிருக்கான்."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. சதீஷ் காரைப் பார்த்தான். திறந்துகிடந்த டிரைவர் கதவு லேசாக ஆடியது. காற்றில்தான் ஆடியது. இருந்தாலும் அவன் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

"ஒண்ணு கேக்கவாண்ணே. அந்தப் பையன் வேணும்னேதான் எறக்குனான்னு ஊர்ல..."

"ஊருக்கென்ன, வாய் இருக்கு. முந்தின நாளு ஆத்தாளுக்கும் மகனுக்கும் சண்டை. எதோ கல்யாண விசயம். காலையில கோவத்தோட கிளம்புனான். வண்டியத் தூக்கினப்போ வெளியில இருந்து கதவத் தொறந்தா நோகாமத் தொறந்துச்சாம். சீட் பெல்ட்டும் போடல, அதுல மாட்டிக்கிட்டான்னு சொல்ல வழியில்ல. 'கதவு நல்லாத்தான இருக்கு, வெளிய வரணும்னு நினைச்சிருந்தா வந்திருக்கலாமே'ன்னு எவனோ சொன்னான். அதையே எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. பாவம், அந்தம்மா காதுலயும் போட்டாங்க."

சதீஷ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது.

"அண்ணே, உள்பக்கம் கைப்பிடி லூசு. ரெண்டு தரம் இழுக்கணும். நான் வாங்கினதுல இருந்தே அப்படித்தான்."

மோகனசுந்தரம் நிமிர்ந்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து, கதவின் உள்தட்டியைக் கழற்றினார். தட்டிக்குப் பின்னாலும் மண். கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகிற கம்பியை யாரோ கட்டுக்கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவர் கட்டை அவிழ்த்துக் கம்பியை உருவி எடுத்தார்.

பென்சில் கனமுள்ள இரும்புக் கம்பி. நேராக இருக்க வேண்டியது, வில்லாக வளைந்திருந்தது. கைப்பிடியின் அடிப்பாகம் விரிசல்விட்டு, பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது.

"சாதாரணமாத் தொறக்கிறதுல இது வளையாது" என்றார் அவர். "வெளிய தண்ணி அமுக்குறப்ப எந்தக் கதவும் தொறக்காது. ஆனா இவன் இழுத்திருக்கான். இழுத்து இழுத்து... இது வளைஞ்சு, பிடியும் ஒடைஞ்சிருக்கு. வெளிப்பிடி வேற கம்பி. அதான் அவங்க தொறந்தப்போ தொறந்துருச்சு. உள்பக்கத்த யாரு பாத்தா?"

சதீஷ் கம்பியை வாங்கிப் பார்த்தான். சில்லென்றிருந்தது. இதை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும், பிழைக்க எவ்வளவு ஆசை வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

வண்டி சரியாகிவிட்டது. வேறொரு வண்டியிலிருந்து எடுத்த நல்ல டைனமோவை மோகனசுந்தரம் பொருத்தினார். எர்த் கேபிள் புதிது, கதவுக் கம்பியும் கைப்பிடியும் புதிது. கார்பெட்டை உரித்து மண்ணையெல்லாம் கழுவி, அடுப்பு மூட்டி உலர்த்தினார். ஹோஸ் பைப்பால் எத்தனை நேரம் பீய்ச்சினாலும் மீட்டர் பதினாலைவிட்டு இறங்கவில்லை. வாடையும் போனது.

போகாதது ஒன்றுதான். வண்டி ஓட்டும்போது சதீஷின் கண் பாதையில் நிற்காமல் அந்த அணைந்த விளக்கின் இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. பூட்டு அடிக்காத கதவில் காது வைத்துக்கொண்டே ஓட்டினான். முன்பு சத்தம் கேட்டபோது பயம்தான் இருந்தது. இப்போது சத்தம் இல்லாத கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அதைவிடக் கனமாக இருந்தது. வளைந்த கம்பியை ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி டேஷ்போர்டுக்குக் கீழே வைத்திருந்தான். தூக்கி எறியவும் மனம் வரவில்லை.

"வித்துருவோமா?" என்று ஆனந்தி ஒருநாள் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சொன்னாள். "வித்தா இன்னொருத்தன்ட்ட மறைச்சுத்தான் விக்கணும். அது வேணாம்."

"பின்ன என்ன செய்ய?"

"அந்தம்மாட்டப் போயிச் சொல்லுங்க."

"என்னத்த? உங்க மகன் செத்த வண்டிய நான்தான் ஓட்டுறேன்னா? ஆறிக்கிடக்கிற புண்ணக் கீறச் சொல்றியா?"

ஆனந்தி சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "ஆறிக்கிடக்குன்னு யாரு சொன்னா? அந்தம்மா நம்ம கவுண்டருக்கு வரும்ங்க. தூள் வாங்கிட்டு மேல் பாதை வழியா நடந்தே போகும். 'ஏன் இவ்வளவு சுத்து, பாலத்து வழியாப் போனாப் பக்கந்தான்'னு ஒரு தடவ கேட்டேன். 'அந்தப் பக்கம் போனா அவன் மூஞ்சியத் திருப்பிக்கிறான்மா'ன்னு சொல்லுச்சு. அப்ப எனக்கு ஒண்ணும் விளங்கல."

சதீஷ் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

மறுநாள் முற்பகலில் மேல் டிவிஷனுக்குப் போனான். மழை விட்டு, லயத்துக் கூரைகளில் வெயில் ஆவியாகிக்கொண்டிருந்தது. காரைக் கீழேயே நிறுத்திவிட்டு ஏறினான். மூக்கம்மாள் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு பயறு புடைத்துக்கொண்டிருந்தார். ஒடிசலான உடம்பு, வெட்டிவிட்ட நரைமுடி. தூங்காத கண்களுக்குக் கீழே மட்டும் யாரோ கரி பூசியதுபோலக் கறுப்பு.

"யாரு ஐயா?"

"நான் சதீசு, பெரியம்மா. ஃபேக்டரி கவுண்டர்ல இருக்கே ஆனந்தி, அதோட வீட்டுக்காரன்."

"தூள்காரப் பிள்ளை வீட்டுக்காரரா? உக்காரு. பாலு இல்ல, கட்டஞ்சாயா போடவா?"

"சாரமில்ல பெரியம்மா, பரவாயில்ல, வேணாம்."

எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை. துணியை அவிழ்த்துக் கம்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். வண்டி வாங்கியது, விளக்கு எரிந்தது, பூட்டு அடித்தது, மோகனசுந்தரம் தன் வெல்டைக் கண்டுபிடித்தது. மூக்கம்மாளின் கை முறத்தில் அப்படியே நின்றது. அவர் அழவில்லை. முகத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை. கதவுத் தட்டியைக் கழற்றிய இடத்துக்கு வந்தபோதுதான் குறுக்கிட்டார்.

"இரு. திரும்பச் சொல்லு. எதை இழுத்தான்?"

"உள்பக்கக் கைப்பிடிய, பெரியம்மா. வெளிய வர்றதுக்கு. இந்தக் கம்பிதான் உள்ள போகும். நேரா இருக்கணும். அவர் இழுத்த இழுப்புல இப்படி வளைஞ்சிருச்சு. பிடியும் ஒடைஞ்சிருக்கு."

"தொறக்கலயா?"

"தண்ணி அமுக்குறப்ப யாராலயும் தொறக்க முடியாதாம்."

மூக்கம்மாள் கம்பியை எடுத்தார். இரண்டு முனைகளையும் பிடித்து நிமிர்த்தப் பார்த்தார். மூச்சுப் பிடித்து, முழங்காலில் வைத்து அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை.

"கையக்கூட நீட்டலைன்னாங்க" என்றார். சதீஷிடம் சொன்னதுபோலத் தெரியவில்லை. "பெத்தவ வாயில வந்ததக் கேட்டுட்டுப் போறான், திரும்பி வர அவனுக்கு இஷ்டமில்லன்னாங்க. நானும் அப்படித்தான்னு நினைச்சேன். 'இந்த வாசப்படிய மிதிக்காத'ன்னு சொன்னவ நான்தானே. சொன்னபடி கேட்டுட்டான்னு நினைச்சேன்."

"இல்ல பெரியம்மா. வரணும்னுதான் பாத்திருக்கார்."

அவர் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. கோழி ஒன்று முறத்துக்கு வந்து பயறைக் கொத்தியது. விரட்ட அவருக்குத் தோன்றவில்லை. பிறகு எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"வண்டி எங்க நிக்கிது?"

காரை அவர் ஒருமுறை சுற்றி வந்தார். வெள்ளைப் பெயிண்டில் அவர் கை எதையோ தேடிக்கொண்டு போனது. டிரைவர் கதவைத் திறக்கச் சொல்லி, ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தார். கதவை உள்ளிருந்து சாத்தினார். சதீஷ் வெளியே நின்றான். கண்ணாடிக்கு அப்பால் அந்த முகத்தைப் பார்த்தபோது, அவனுக்கு ஒரு கணம் கதவைப் பிடித்து இழுத்துத் திறந்துவிட வேண்டும் என்ற பதற்றம் வந்தது. அதற்குள் மூக்கம்மாள் கைப்பிடியை இழுத்தார். கதவு ஒரே இழுப்பில் திறந்துகொண்டது. அவர் மறுபடியும் சாத்தினார். மறுபடியும் திறந்தார். இன்னொரு தரம். இன்னொரு தரம். லயத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கீழே இறங்கி வரவில்லை.

கடைசியில் அவர் இறங்கி வந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. எப்போது அழத் தொடங்கினார் என்று சதீஷுக்குத் தெரியவில்லை.

"என்னைய அந்தப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போறியா?"

சதீஷ் யோசித்தான். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை எடுத்த பிறகு அவனே அந்தப் பக்கம் போனதில்லை. "தண்ணி ஓடிக்கிட்டிருக்கும், பெரியம்மா."

"ஓடட்டும்."

முன்சீட்டில் அவரை உட்காரவைத்து பெல்ட்டை மாட்டிவிட்டான். வளைந்த கம்பியை அவர் மடியிலேயே வைத்துக்கொண்டார். கீழே இறங்க இறங்கத் தேயிலைச் சரிவுகளில் மூடுபனி தேங்கி நின்றது. ஆற்றின் இரைச்சல் முதலில் கேட்டது. அப்புறம்தான் பாலம் தெரிந்தது. மழை விட்டிருந்ததால் தண்ணீர் வடிந்திருந்தது. சிமெண்டுத் தளத்தின் மேல் மெல்லிய கண்ணாடிபோல ஓடியது.

சதீஷ் பைய இறக்கினான். கண் விளக்குக்குப் போனது. அது எரியவில்லை. கதவும் சும்மா இருந்தது. நடுப்பாலத்துக்கு வந்ததும் மூக்கம்மாள் அவன் தோளைத் தொட்டார்.

"இங்க நிறுத்து."

நிறுத்தினான். எஞ்சின் ஒழுங்காக உறுமிக்கொண்டிருந்தது. மூக்கம்மாள் கண்ணாடியை இறக்கச் சொன்னார். இறக்கியதும் ஆற்றின் குளிர் உள்ளே வந்தது. அவர் தலையை வெளியே நீட்டி, தண்ணீர் போகும் திசையைப் பார்த்தார். கீழே மூங்கில் புதர் கறுப்பாகத் தெரிந்தது. ஏதாவது சொல்வார், கத்துவார், கையிலிருப்பதை எறிவார் என்று சதீஷ் எதிர்பார்த்தான். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, வாசலில் நிற்கிற ஒருவனிடம் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னார்.

"எனக்குத் தெரியலடா. இப்பத்தான் சொல்றாங்க."

அந்தப் பக்கம் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் மூக்கம்மாள் கண்ணாடியை ஏற்றச் சொன்னார்.

"போலாம் ஐயா."

அக்கரை மேட்டில் ஏறி, திருப்பி வர இடம் பார்த்து அவன் கொஞ்ச தூரம் போனான். ஏதோ கேட்கலாம் என்று பக்கத்தில் திரும்பினால், மூக்கம்மாள் தூங்கிவிட்டிருந்தார். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் சற்றே திறந்திருந்தது. குழந்தை தூங்குவதுபோலச் சட்டென்று விழுந்த தூக்கம்.

சதீஷ் வண்டியைத் திருப்பவில்லை. வளைவுகளில் தலை இடிபடாமல் மெதுவாக ஓட்டினான். வண்டிப்பெரியார் கடைவீதி வந்தது, பின்னால் போனது. பங்களாவிலிருந்து போன் வந்தது. எடுக்காமல் சத்தத்தை நிறுத்தினான். பீர்மேட்டுக்கு ஏறுகிற பாதையில் திரும்பினான்.

ஏதோ ஒரு மேட்டில் அவர் தூக்கத்திலேயே கேட்டார். "சாப்பிட்டியா?"

தன்னிடம் கேட்கவில்லை என்று சதீஷுக்குத் தெரியும். காருக்குள் ஒரு சத்தமும் இல்லை. அவர் பதிலுக்குக் காத்திருப்பவர்போலப் புருவத்தை நெரித்தார். அப்புறம், யாரோ ஏதோ சொன்னதுபோல, நெற்றி இளகியது. "ம்" என்றார்.

சதீஷ் கியரை மாற்றி, பனிக்குள் ஓட்டிக்கொண்டு போனான்.